கிளீனிங் தொழிலுக்கு வண்டியும் மெஷினும்: பழுதில்லாமல் ஓட்ட ஒரு முழு வழிகாட்டி

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மேடவாக்கத்தில் ஒரு வீட்டு வேலை. காலை எட்டு மணிக்கே மெஷின்களை இறக்கிவிட்டோம். பால்கனியைக் கழுவ பிரஷர் வாஷரைப் போட்டால் தண்ணீர் பீய்ச்சுகிறது, நிற்கிறது, மறுபடி பீய்ச்சுகிறது. பம்புக்குள் கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம். கூட வேலை செய்யும் பையன் "அண்ணே, பம்ப் போயிடுச்சு" என்றான். தண்ணீர் உள்ளே போகும் வாயில் இருக்கிற சின்ன வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சிட்டிகை மணல், அதோடு சுருண்டுபோன டெஃப்லான் டேப் துண்டு ஒன்று. முந்தின நாள் ஒரு சம்ப் கழுவிவிட்டு ஹோஸை அப்படியே சுருட்டி வண்டியில் எறிந்திருந்தோம், அங்கிருந்து வந்த மணல். கழுவி மாட்டியதும் ஓடியது, வேலையும் முடிந்தது. ஆனால் தண்ணீர் கிடைக்காமல் அன்று காலை ஓடிய அந்தக் கொஞ்ச நேரம், பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலைத் தின்றுவிட்டது. அடுத்த வாரமே ஒழுக ஆரம்பித்து, சீசன் உச்சத்தில் மெஷின் மெக்கானிக் கடையில் உட்கார்ந்திருந்தது.

சென்னையில் ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் சரக்கு வண்டி), ஒரு பைக், நான்கு பேர் என்று இந்தத் தொழிலை நடத்துகிறேன். இதுவரை வந்த பழுதுகளை நோட்டில் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலானவை வேலை முடிந்து கிளம்பும் அவசரத்தில் ஆரம்பித்தவை. ஈரத்தோடு மூடி வைத்தது, அழுக்குத் தண்ணீரோடு விட்டது, ஆசிட் கேனுக்குப் பக்கத்தில் வைத்தது, சார்ஜ் போட மறந்தது. அதனால் இந்த வழிகாட்டியில் சாயங்கால வேலைக்குத்தான் அதிக இடம்.

1. முதலில் எல்லாவற்றுக்கும் எண் போடுங்கள்

ஒரு நாள் உட்கார்ந்து உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் பெயிண்டிலோ ஸ்டிக்கரிலோ ஓர் எண் எழுதுங்கள். பி1, வே1, வே2 என்று எதுவானாலும் சரி. மெஷினின் பெயர்த் தகட்டை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல், வரிசை எண், வோல்ட், வாட், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என எல்லாம் அதில் இருக்கும், ஆறே மாதத்தில் தண்ணீரும் சோப்பும் பட்டு அந்தத் தகடு அழிந்துவிடும். உதிரி பாகம் கேட்டுப் பாரிமுனைப் பக்கம் போகும்போது "மஞ்சள் கலர் மெஷின் அண்ணே" என்று சொன்னால் எந்தக் கடையிலும் சரியான சீல் கிடைக்காது. பில்லையும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

2. சாயங்காலம் அரை மணி நேரம்

இந்த அரை மணியை வேலை நேரத்துக்குள்ளேயே கணக்கு வைக்க வேண்டும். ஆறு மணிக்கு ஆட்கள் கிளம்ப வேண்டும் என்றால் ஐந்தரைக்கு வாடிக்கையாளர் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆட்களின் சொந்த நேரத்தில் இதைச் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள், அது நியாயமும் இல்லை.

அந்த அரை மணியில் எல்லா டேங்கையும் காலி செய்து நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி, மூடியைத் திறந்தபடி வைக்க வேண்டும். ஹோஸ்களை வடித்துவிட்டுப் பெரிய வளையமாகச் சுருட்ட வேண்டும், முழங்கையில் இறுக்கிச் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி வலை மடிந்து அந்த இடத்திலேயே ஒரு நாள் வெடிக்கும். வடிகட்டிகளைத் தட்டிக் கழுவி, வயர்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சுருட்டுங்கள். துடைக்கும் கைதான் வெட்டு விழுந்த இடத்தை முதலில் கண்டுபிடிக்கும். சார்ஜில் போட வேண்டியதைப் போட்டுவிட்டு, ஏதாவது சத்தம், வாசனை, ஒழுகல் வித்தியாசமாக இருந்தால் அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள்.

3. பிரஷர் வாஷர்

இதைக் கொல்வது தண்ணீர்ப் பஞ்சம். அடுக்குமாடி வீடுகளில் குழாயில் வரும் தண்ணீர் மெஷினுக்குப் போதாமல் இருப்பது சகஜம். போட்டதும் ஆன் செய்யாமல் ஒரு 20 லிட்டர் பக்கெட்டை அந்தக் குழாயில் பிடித்துப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். மெஷின் தகட்டில் அதைவிட அதிகம் போட்டிருந்தால் நேரடியாக இணைக்க வேண்டாம். ஒரு டிரம்மை நிரப்பி, அதிலிருந்து எடுங்கள். அப்படி எடுக்கும்போது இன்லெட் ஹோஸ் நல்ல பருமனாகவும் எங்கேயும் காற்று புகாமலும் இருக்க வேண்டும், நுனியில் ஒரு வடிகட்டி கட்டாயம்.

ஆன் செய்வதற்கு முன் கன்னை (தண்ணீர் பீய்ச்சும் கைப்பிடி) அழுத்திப் பிடித்து, குமிழி இல்லாமல் தண்ணீர் ஒழுங்காக வரும் வரை விடுங்கள். பம்புக்குள் இருக்கும் காற்று போன பிறகு சுவிட்சைப் போடுங்கள். வேலை நடுவில் போன் வந்தால் கன்னை மட்டும் விட்டுவிட்டுப் பேசாதீர்கள். சில மாடல்களில் கன்னை விட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், அப்போது உள்ளே இருக்கும் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகி சீலைக் கெடுக்கும். ஓரிரு நிமிடத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் சுவிட்சையே அணைத்துவிடுங்கள்.

முடிக்கும்போது வரிசை முக்கியம். சோப்பு ஓடியிருந்தால் நல்ல தண்ணீரை இரண்டு நிமிடம் ஓட்டுங்கள், சுவிட்சை அணையுங்கள், குழாயை மூடுங்கள், கடைசியாகக் கன்னை அழுத்தி உள்ளே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அழுத்தத்தோடு நிற்கும் ஹோஸும் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையமும் இரவு முழுக்க இழுபட்டுக்கொண்டே இருக்கும், மறுநாள் கழற்றுகிறவர் கையிலும் அடிக்கும்.

பெரிய மெஷின்களில் பம்புக்குத் தனியாக ஆயில் இருக்கும். கண்ணாடி வழியே பார்க்கலாம். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் பால் ஊற்றிய டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, சீல் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். புது மெஷினில் முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும், பொதுவாக 50 மணி நேர ஓட்டத்தில். அதன் பிறகு கம்பெனிப் புத்தகம் சொல்லும் இடைவெளியில் மாற்றுங்கள்.

அடுத்து நாசில், அதாவது கன் நுனியில் மாட்டும் துளை. தண்ணீர் எவ்வளவு கோணத்தில் விரியும் என்பதை அதன் நிறம் சொல்லும். சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. அழுத்தம் குறைந்துவிட்டது என்று மெஷினைத் திட்டுவதற்கு முன் நாசிலைப் பாருங்கள். பெருங்குடி, வேளச்சேரி, ஈசிஆர் பக்கமெல்லாம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும், துளையில் வெள்ளையாகப் படிந்துவிடும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் ஒருமுறை குத்தினால் போதும். அதற்கு அப்புறமும் தண்ணீர் விசிறி கோணலாக வந்தால் துளை தேய்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள், விலை அதிகமில்லை.

4. வேக்குவம் கிளீனர்

ஈரமும் தூசியும் இழுக்கிற மெஷினில் மாற்றி மாற்றி வேலை செய்வதுதான் ஆபத்து. தண்ணீர் இழுப்பதற்கு முன் தூசிப் பையையும் காகித ஃபில்டரையும் கழற்ற வேண்டும், தூசி இழுப்பதற்கு முன் காய்ந்த ஃபில்டரை மாட்ட வேண்டும். ஃபில்டர் இல்லாமல் ஒரு அறைத் தூசியை இழுத்தாலே போதும், அது நேராக மோட்டாருக்குப் போகும். புது வீட்டில் பட்டிப் பொடி, ஜிப்சம் பொடி இழுக்கும் வேலை வந்தால் நுண்ணிய ஃபில்டரும் துணிப்பையும் சேர்த்துப் போடுங்கள், அரை மணிக்கொரு முறை தட்டுங்கள். அந்தப் பொடியை ஈரமான டிரம்முக்குள் இழுத்தால் உள்ளேயே சிமெண்ட் போல இறுகிவிடும்.

சோஃபா, கார்பெட் வேலையில் நுரை வரும். டிரம்மில் தண்ணீர் நிரம்பியதும் ஒரு மிதவை எழும்பி உறிஞ்சுதலை நிறுத்தும், ஆனால் நுரைக்கு அந்த மிதவையைத் தூக்கும் கனம் கிடையாது, நேராக மோட்டாருக்கு ஏறிவிடும். நுரை அடக்கும் மருந்தை முதலிலேயே டிரம்மில் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள். வேலை முடிந்து டிரம்மைக் காலி செய்த பிறகு மெஷினை ஐந்து நிமிடம் சும்மா ஓட்டுங்கள், ஹோஸும் மோட்டார் அறையும் காயும். மூடியை மூடாமல் வையுங்கள். இதைச் செய்யாத மெஷின் மூன்றாம் நாள் நாற ஆரம்பிக்கும், அந்த நாற்றத்தோடு வாடிக்கையாளர் படுக்கையறையில் போய் ஆன் செய்தால் அடுத்த வேலை கிடைக்காது.

மோட்டாரில் பொறி அதிகம் தெறித்தால், எரிந்த வாசனை வந்தால் கார்பன் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்) தேய்ந்திருக்கலாம். சின்னத் துண்டுதான், தேயத் தேய மாற்றிவிட்டால் மோட்டார் தப்பிக்கும். விட்டுவிட்டால் மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரையே கீறிவிடும்.

5. பேட்டரி ஸ்கிரப்பர்

அலுவலகம், திருமண மண்டபம், அபார்ட்மெண்ட் பார்க்கிங் என்று தரை வேலை எடுப்பவர்களிடம், தரையைத் தேய்த்துக் கழுவி அழுக்குத் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும் இந்த மெஷின் இருக்கும். இந்த மெஷினில் பேட்டரிதான் பெரிய செலவு, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் பேட்டரி என்றால் அதைப் பாதிக்கு மேல் இறக்காமல் வேலை முடிப்பது நல்லது. 24 வோல்ட் மெஷினில் பொதுவாக இரண்டு 12 வோல்ட் பேட்டரி இருக்கும். ஓரிரண்டு மணி நேரம் ஓய்வில் வைத்த பிறகு மல்டிமீட்டரில் பாருங்கள். ஒவ்வொன்றும் 12.7 அருகில் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. இரண்டில் ஒன்று எப்போதும் மற்றதைவிடக் குறைவாகவே காட்டினால் அதுதான் நோயாளி, அதற்குள் எந்த செல் என்று ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சொல்லிவிடும். முழு சார்ஜில் 1.26 முதல் 1.28 வரை காட்ட வேண்டும்.

டிஸ்டில்டு வாட்டரை எப்போது ஊற்றுவது என்பதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். சார்ஜ் போடுவதற்கு முன் தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றுங்கள். மேல் கோடு வரை நிரப்புவதை சார்ஜ் முடிந்த பிறகே செய்யுங்கள். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி ஆசிட் வெளியே வழியும், டெர்மினலில் பூக்கும் அந்தப் பச்சை வெள்ளைப் பொடியும் இதனால் அதிகமாகும். குழாய்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எதுவும் வேண்டாம். வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள்.

வேலை முடிந்ததும் அன்றே சார்ஜ் போட வேண்டும். இறங்கிய பேட்டரியை ஞாயிறு முழுக்க அப்படியே விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய சக்தி வராது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், எளிதில் தீப்பிடிக்கும். அதனால் மெஷினில் பேட்டரி இருக்கும் அறையின் மூடியைத் திறந்து, ஜன்னல் உள்ள அறையில் போடுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது, பூசை விளக்கும் ஏற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், ஆசிட் பட்டால் உடனே நிறைய தண்ணீரில் கழுவுங்கள்.

பின்னால் தண்ணீரை வழித்து எடுக்கும் ரப்பர் பிளேடு கோடு விட்டால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலான பிளேடுகளுக்கு நான்கு முனை உண்டு, திருப்பித் திருப்பி மாட்டலாம். கோடு ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே ஒரு கல்லோ நூலோ சிக்கியிருக்கும். அழுக்குத் தண்ணீர் டேங்கை இரவு முழுக்க நிரப்பி வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

6. சிங்கிள் டிஸ்க், பேட், துணி

சிங்கிள் டிஸ்க் மெஷினை (ஒரே வட்டத் தட்டு சுழன்று தரையைத் தேய்க்கும் மெஷின்) அதன் அடியில் மாட்டும் பிரஷ், பேட் மேலேயே நிறுத்தி வைக்காதீர்கள். அது ஒரு பக்கம் நசுங்கி, மறுநாள் மெஷின் கையில் குதிக்கும். பேட்களில் கறுப்பு பழைய பாலிஷை உரிக்க, பச்சை தேய்த்துக் கழுவ, சிவப்பு தினசரி வேலைக்கு, வெள்ளை பளபளப்புக்கு. கறுப்பு பேடை மார்பிளில் போட்டுக் கீறிவிட்டால் அந்த நஷ்டத்துக்கு எந்த மெஷின் பழுதும் ஈடாகாது, எனவே பேட்களைத் தனித்தனிப் பையில் வையுங்கள்.

மைக்ரோஃபைபர் துணியை வாசனைக்குப் போடும் கண்டிஷனரில் அலசக் கூடாது, அதன் இழையெல்லாம் வழுவழுப்பாகி தண்ணீரை உறிஞ்சாது. பிளீச்சும் வேண்டாம். சாதாரணப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொண்டு கண்ணாடியில் வரும். கழிப்பறைக்கு சிவப்பு, சமையலறைக்குப் பச்சை, மற்ற இடங்களுக்கு நீலம் என்று பிரித்துவிடுங்கள்.

7. வயர்: இதில் சமரசம் வேண்டாம்

ஈரத் தரையில் நின்றுகொண்டு மின்சார மெஷின் பிடிக்கும் தொழில் நம்முடையது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றை மாட்டிவிடுங்கள், வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறதா என்று நம்பி இறங்காதீர்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் ஓட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

வயர் கனமும் முக்கியம். 2000 வாட் மெஷின் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 30 மீட்டருக்கு 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் போட்டால் போகவும் வரவும் சேர்த்து 10 வோல்ட் வயரிலேயே போய்விடும், 2.5 போட்டால் 4 வோல்ட்தான் போகும். ஏற்கெனவே வோல்டேஜ் குறைவாக இருக்கும் வீட்டில் இந்த 10 வோல்ட் மோட்டாரைச் சூடாக்கும். வயரைச் சுருளிலிருந்து முழுக்கப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள், சுருட்டியபடியே ஓட்டினால் நடுவில் இருக்கும் சுற்று உருகும். வெட்டுப்பட்ட இடத்தில் டேப் சுற்றுவது வீட்டு ஃபேனுக்குக்கூட ஆகாது, நமக்கு ஆகவே ஆகாது. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு பிளக்கைப் புதிதாக மாட்டுங்கள்.

8. வண்டி

குட்டி யானையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை ஆர்சியிலேயே கண்டுபிடிக்கலாம், மொத்த எடையிலிருந்து காலி வண்டி எடையைக் கழியுங்கள். பல மாடல்களுக்கு 750 கிலோ அருகில் வரும். அதில் 1000 லிட்டர் டேங்கை வைத்து நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 1000 கிலோ, ஸ்பிரிங் பட்டை, பிரேக், கிளட்ச் எல்லாம் சேர்ந்து தேயும். 500 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். அதுவும் பாதி நிரம்பிய டேங்க்தான் பயங்கரம், பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். போகும்போது முழுதாக நிரப்பிக்கொண்டு போங்கள், திரும்பும்போது காலி செய்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது துரு. என் வண்டியின் பின்தளம் இரண்டே வருடத்தில் ஓட்டை விழுந்ததற்குக் காரணம் மழையென்றுதான் நினைத்திருந்தேன். தகரத்தைப் பிரித்துப் பார்த்தபோது ஓட்டை சரியாக ஆசிட் கேன் வைக்கும் மூலையில் இருந்தது, பக்கத்தில் தொங்கிய பிரஷர் ஹோஸின் இணைப்பும் செதில் செதிலாக உரிந்திருந்தது. மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆசிட் ஆவி கசியும், இரும்பைத் தின்னும். இப்போது ஆசிட் கேன்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், தளத்தின் கடைசி ஓரத்தில், மெஷின்களிடமிருந்து தள்ளி வைக்கிறோம். ஹைப்போ (பிளீச் திரவம்) எதிர்ப்பக்கம் இன்னொரு பெட்டியில். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைக் கெடுக்கும், மூடிய வண்டிக்குள் உயிரையே எடுக்கும். ஹைப்போ வெயிலில் வீரியமும் இழக்கும், எனவே ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் வண்டியில் ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை பின்தளத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, கீறல் விழுந்த இடத்தில் ரெட் ஆக்சைடு பூசிவிடுங்கள்.

காலையில் கிளம்புவதற்கு முன் ஆயில், கூலண்ட், டயர் காற்று, பிரேக், லைட். ஐந்து நிமிட வேலை. கூலண்டை இன்ஜின் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். காற்றை டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள், முன் பின் அளவு வேறு, ஏற்றும் எடைக்கேற்பவும் மாறும். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள், 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டீசல் வண்டி என்றால் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடித்துவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நினைவில் நிற்காது, நோட்டில் எழுதுங்கள். சின்னச் சின்ன பாகங்களுக்குப் புதுப்பேட்டைக்குப் போகலாம், ஆனால் பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்க வேண்டாம்.

காகிதங்களையும் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும். புகைச் சான்றும் இன்சூரன்ஸும் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போனில் அலாரம் வையுங்கள். ஆட்களைப் பின்னால் சரக்கோடு உட்காரவைத்துக் கூட்டிப் போகாதீர்கள். சட்டப்படி தப்பு, விபத்து என்றால் இன்சூரன்ஸ் கை விரித்துவிடும், எல்லாவற்றுக்கும் மேல் அவர்கள் நம்மை நம்பி வருகிறவர்கள். பேருந்துக்காசு கொடுங்கள்.

9. ஒரு நோட்டு, ஒரு டப்பா

நோட்டில் மெஷின் எண், தேதி, என்ன கோளாறு, என்ன செய்தோம், எவ்வளவு ஆனது. அவ்வளவு போதும். ஒரே மெஷினுக்கு வருடத்தில் ஆன செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டால் நான் அதை விற்றுவிடுகிறேன். ஒவ்வொரு வேலைக்கும் வரும் பணத்தில் ஒரு சிறு பங்கை மெஷினுக்கென்று தனியாக எடுத்து வைப்பதால்தான் அப்படி விற்று வாங்க முடிகிறது.

டப்பாவில் எங்களிடம் இருப்பவை: ஓ ரிங் செட், டெஃப்லான் டேப், ஹோஸ் கிளிப், இன்லெட் வடிகட்டி இரண்டு, நாசில் இரண்டு, வேக்குவம் கார்பன் ஒரு ஜோடி, பிளக் டாப், வண்டிக்கு ஃபியூஸ், ஸ்பேனர் செட், மல்டிமீட்டர். இவற்றில் எதை எடுத்தாலும் அன்று மாலையே திரும்ப வாங்கிவைப்பது என்று ஒரு பழக்கம்.

10. ஆயுத பூசைக்கு முந்தைய வாரம்

வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வாரம் இல்லை. அடுத்து தீபாவளி அவசரம், கூடவே வடகிழக்குப் பருவமழை, அப்புறம் பொங்கல் வேலை. பழுதை இப்போதே கண்டுபிடித்தால் மெக்கானிக்கும் கையில் இருப்பார். பிரஷர் வாஷர் ஆயில், வேக்குவம் ஃபில்டர், ஸ்கிரப்பர் பேட்டரி டெர்மினலைச் சுரண்டி வாசலின் தடவுவது, சிங்கிள் டிஸ்க் கியர் சத்தம், எல்லா வயரும் பிளக்கும், வண்டியின் வைப்பர், பிரேக், டயர், கிரீஸ் என்று ஒரு நாளைக்கு இரண்டு மெஷினாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடமாக இதைச் செய்கிறோம், கடந்த தீபாவளிக்கு ஒரு வேலைகூடத் தள்ளிப்போகவில்லை.

பூசை அன்று சந்தனத்தையும் குங்குமத்தையும் மெஷினின் உடம்பில் வையுங்கள், மோட்டாரின் காற்றுத் துவாரத்திலும் சுவிட்சிலும் பேட்டரியிலும் வேண்டாம். திருஷ்டி கழித்த எலுமிச்சையை எடுத்து எறிந்துவிடுங்கள், வண்டிக்குள் கிடந்தால் பெடலுக்கு அடியில் உருளும். முன்னால் கட்டிய மாலையை மறுநாள் காலை கழற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும், ரேடியேட்டருக்குப் போகும் காற்றை அது மறைக்கும்.